ஒரு மில்லிமீற்றரை விட்டுவையுங்கள்

(கொழும்பு வெள்ளவத்தையில் குடும்ப வைத்தியர் ஒருவர் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாடி, மேலுதடு, கை, கால், கக்கம், மறைவிடம் ஆகிய இடங்களில் மயிரை எடுத்த பிறகு தோலுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. இதையெல்லாம் மேடையில் பேசலாமா என்று ஏற்பாட்டாளர்களில் ஓரிருவர் தயங்கினார்கள். பேசித்தான் ஆகவேண்டும். காய்ச்சலுக்கோ பிரஷருக்கோ மருந்தெடுக்க வருகிறவர், எழுந்து கதவடிக்குப் போன பிறகுதான், "டொக்டர், இன்னொரு சின்ன விஷயம்" என்று திரும்பி வந்து கழுத்தைக் காட்டுவார். அந்தச் சின்ன விஷயத்துக்குள் பல மாதத்து எரிவும் கடியும் இருக்கும். அதற்குள் பாமசியில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு கிறீமைப் பூசிப் பூசித் தோலும் கெட்டிருக்கும். வெட்கம்தான் காரணம். ஆகவே இன்று வெளிப்படையாகவே பேசப்போகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையால் தடவினால் ஒரு மயிர்கூடத் தட்டுப்படக்கூடாது என்ற ஆசைதான் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர். ஒரு மில்லிமீற்றர் மயிரை விட்டுவைக்கச் சம்மதித்தவருக்குப் பாதி வருத்தம் அன்றோடு தீர்ந்துவிடும். ஏன் என்று விளக்குகிறேன்.

ஒருமுறையும் வெட்டுப்படாத மயிரின் நுனி மெலிந்து மெலிந்து போய் முடிந்திருக்கும். தொட்டால் வளையும். பிளேட் அதைத் தோலோடு ஒட்ட வெட்டும்போது மயிரின் தடித்த பகுதியே வெட்டுமுகமாக வெளியில் நிற்கிறது. குட்டையாக இருப்பதால் அது வளைவதும் இல்லை. அதனால்தான் மறுநாள் காலையில் கன்னம் முள்ளு முள்ளாய்க் குத்துகிறது. "வழிச்சால் தடிச்சு வளரும்" என்று நம் வீடுகளில் சொல்வது இந்தக் குத்தலை வைத்துத்தான். அது உண்மையல்ல. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் மில்ட்ரெட் ட்ரொட்டர் என்ற உடற்கூற்றியல் அறிஞர் இதைச் சோதித்து 1928இல் வெளியிட்டார். முகச்சவரம் செய்த ஆண்களின் மயிரைச் சேர்த்து அளந்து பார்த்ததில் தடிப்பும் கூடவில்லை, வளரும் வேகமும் கூடவில்லை. 1970இல் இன்னொரு ஆய்வில் ஐந்து ஆண்களுக்கு ஒரு காலை மட்டும் வாரந்தோறும் பல மாதங்கள் வழித்து, மற்றக் காலோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசம் இல்லை. மயிரை வளர்ப்பது தோலுக்கு அடியில் இருக்கும் வேர். மேலே பிளேட் செய்வது எதுவும் அந்த வேரை எட்டுவதில்லை. வழித்தால் தடித்து வளரும் என்று சொல்லிப் பெண்பிள்ளைகளைப் பயமுறுத்தும் வழக்கத்தைத் தாய்மார் தயவுசெய்து விட்டுவிட வேண்டும்.

குத்தல் வெறும் தொந்தரவு. அதற்கு அடுத்த படிதான் நோய். நம்மில் பலருக்குக் கன்னத்தில் நேராக வளரும் மயிர், தாடைக்குக் கீழே கழுத்துக்கு வந்ததும் சுழித்து, படுத்து வளரும். கண்ணாடியில் கழுத்தைச் சாய்த்துப் பாருங்கள், சில இடங்களில் மேல்நோக்கி, சில இடங்களில் பக்கவாட்டில் போயிருக்கும். அந்த மயிரைப் பிளேட் சரிவாக வெட்டினால், கத்தியால் சரித்துச் சீவிய மூங்கில் நுனிபோல ஒரு கூர் உண்டாகிறது. வளைந்து வளரும் அந்தக் கூர் பக்கத்துத் தோலையே குத்தி உள்ளே இறங்குகிறது. இன்னொரு வழியும் உண்டு. தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு வழித்தால், மயிர் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்படும். கையை விட்டதும் அது உள்ளே இழுபட்டுப் போகும். பிறகு வெளியே வருவதற்கு முன்னமே தன் குழியின் சுவரைத் துளைத்துக்கொண்டு தோலின் உட்படைக்குள் போய்விடும். உள்ளே வந்த மயிர் நம்முடையதுதான் என்றாலும் உடம்பு அதை அந்நியப் பொருளாகவே எதிர்க்கும். கட்டி கட்டியாக எழும்பும். சிலவற்றில் சீழ் வைக்கும். ஆனால் தொடக்கத்தில் இதில் கிருமி ஒன்றும் இல்லை. கிருமி என்று நினைத்து நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை வாங்கி விழுங்கினாலும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் இதைத் தெளிவாகக் காணலாம். கட்டியின் உச்சியில், மெல்லிய தோலுக்கு அடியில், கரிய வளையம் ஒன்று தெரியும். இரு முனையும் தோலுக்குள் புதைந்திருக்கும். கொதிநீரில் போட்டெடுத்த ஊசியின் நுனியை அந்த வளையத்துக்குள் கொடுத்து மெதுவாகத் தூக்கினால், புதைந்த முனை விடுபட்டு மயிர் சுருள் நிமிர்ந்து வெளியே வரும். சிலருக்கு அது விரல் நகத்தின் நீளத்துக்கும் இருக்கும். அந்த மயிரைப் பிடுங்கக்கூடாது. விடுவித்துவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். பிடுங்கினால் அடுத்த மயிர் அதே குழியில் கூராக வளர்ந்து மறுபடியும் சுவரைக் குத்தும். நகத்தால் நெரித்துப் பிதுக்குவது அதைவிட மோசம். பிதுக்கிய இடம் கறுத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கும்.

இந்த நோயை 1956இல் ஸ்ட்ராஸ், கிளிக்மன் என்ற இரு அமெரிக்கத் தோல் வைத்தியர்கள் விரிவாக எழுதினார்கள். பின்னர் அமெரிக்க இராணுவத்தில் இது பெரிய பிரச்சினையானது. தினமும் முகம் வழிக்க வேண்டும் என்பது இராணுவ விதி. சுருள் மயிர் கொண்ட கறுப்பினச் சிப்பாய்கள் அந்த விதியைக் கடைப்பிடித்ததாலேயே கழுத்தெல்லாம் புண்ணாகி நின்றார்கள். கடைசியில் வைத்தியரின் கடிதத்தோடு குட்டைத் தாடி வைக்க அனுமதி கொடுக்க வேண்டிவந்தது. இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், கொழும்பிலும் ஹோட்டல்களிலும் காவல் வேலைகளிலும் அலுவலகங்கள் சிலவற்றிலும் தினமும் மழுங்கச் சவரம் செய்துதான் வரவேண்டும் என்று பையன்களுக்குச் சொல்கிறார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டைப் பக்கம் ஹோட்டல் வேலைக்குப் போன பிள்ளைகள், கழுத்தில் சீழ்க்கட்டியோடு வேலையையே விட்டுவிடலாமா என்று கேட்டு வந்திருக்கிறார்கள். வேலையை விட வேண்டியதில்லை. ஒரு மில்லிமீற்றரில் ஒழுங்காக வெட்டிய தாடி பார்க்க அழுக்காக இராது என்று வைத்தியர் ஒரு கடிதம் எழுதித் தரலாம். முதலாளிமார் இந்தச் சபையில் இருந்தால், அந்தக் கடிதத்தை மதிக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மழுங்கச் சவரம் எங்கிருந்து வந்தது? ஆதியில் ரேசருக்கு ஒரு பிளேட்தான். 1971இல் ஜில்லெட் நிறுவனம் இரட்டைப் பிளேட் ரேசரைக் கொண்டுவந்தது. முதல் பிளேட் மயிரைப் பிடித்துச் சற்று வெளியே இழுக்கும். அது உள்ளே போவதற்கு முன் இரண்டாவது பிளேட் அதை இன்னும் கீழே வெட்டும். பிறகு மூன்று, ஐந்து என்று பிளேட்டுகள் கூடின. விளம்பரத்தில் பெருமையாகக் காட்டப்படும் அந்த வெட்டுத்தான், சுருள் மயிர்க்காரர்களுக்குத் தோலுக்கு அடியில் மயிரைப் புதைக்கும் வெட்டு. பெண்கள் கக்கத்தை மழுங்க வழிக்கும் வழக்கமும் அப்படி வந்ததுதான். அதே நிறுவனம் 1915இல் பெண்களுக்கென்று தனி ரேசரைச் சந்தைக்கு விட்டபோதுதான், மேற்கில் கையில்லாச் சட்டையோடு மழமழப்பான கக்கமும் ஒரு கடமையாகிப்போனது. மயிரைக் களைவது நம் நாடுகளில் அதற்கும் மிகப் பழையது, மறுக்கவில்லை. ஆனால் துளிகூட மிச்சமில்லாமல் தினமும் களைய வேண்டும் என்ற கட்டாயம் விற்பனைக்காரர்கள் கொண்டுவந்தது.

இனி நம் ஊரின் அவிச்சலுக்கு வருவோம். காலையில் வழித்துவிட்டு, ஏழு மணிக்குக் காலி வீதியில் 100ஆம் 101ஆம் இலக்க பஸ்ஸில் நெரிபட்டுக்கொண்டு கோட்டைக்குப் போகிறோம். வழித்த கழுத்தில் வியர்வை ஊறுகிறது. அதன்மேல் காலர் உரசுகிறது. பெண்களுக்குக் கக்கத்தில் இறுகிய சட்டைக் கை, இடுப்பில் இறுகிய ஜீன்ஸ். வழித்தல் என்பது மயிரை மட்டும் எடுப்பதல்ல. தோலின் மேற்படையையும் ஒரு சுரண்டு சுரண்டித்தான் எடுக்கிறது. அந்தத் தோலில் உப்பு வியர்வை பட்டால் எரியத்தான் செய்யும். ஆகவே என் முதல் யோசனை, முடிந்தவர்கள் இரவில் குளித்த பிறகு வழியுங்கள். இரவு முழுக்கத் தோல் ஆறும். காலையில் வழித்தே ஆகவேண்டியவர்கள் குறைந்தது வியர்வை அடங்கிய பின்னாவது வழிக்க வேண்டும்.

எப்படி வழிப்பது? தண்ணீரில் ஊறாத மயிர் விறைப்பானது. இரண்டு மூன்று நிமிடம் வெந்நீர் பட்டால் ஊறி இளகும். வெட்டக் குறைந்த பலமே போதும். எனவே குளியலின் முடிவில் வழிப்பது நல்லது. சவர்க்காரத்தை விடச் சவரக் கிறீம் நல்லது. வாசனை குறைந்ததாக இருக்கட்டும். மயிர் எந்தப் பக்கம் வளர்கிறதோ அந்தப் பக்கமாகவே பிளேட்டை இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வேண்டாம். தோலை இழுத்துப் பிடிக்க வேண்டாம். ஒரே இடத்தில் இரண்டு தரத்துக்கு மேல் வேண்டாம். கட்டி வரும் கழுத்துக்காரர்கள் ஒற்றைப் பிளேட்டுக்கு மாறுங்கள். அதைவிட நல்லது, மூடி பொருத்திய மின்சார ட்ரிம்மரால் ஒரு மில்லிமீற்றர் விட்டு வெட்டுவது. அந்த நீளத்தில் மயிரின் நுனி தோலுக்கு மேலே நிற்பதால் உள்ளே குத்துவது அரிது. கையால் தடவினால் தெரியும். கண்ணால் பார்த்தால் சுத்தமாகவே இருக்கும்.

பிளேட் மழுங்குவதைப் பற்றி ஒரு சுவையான சங்கதி. மயிரைவிடப் பிளேட்டின் எஃகு சுமார் 50 மடங்கு கடினமானது. பிறகு ஏன் சில சவரத்திலேயே கூர் போகிறது? 2020இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ரோசியோலி, தசான் முதலியோர் மின்னணு நுண்காட்டியின் அடியில் பிளேட்டால் மயிரை வெட்டிப் பார்த்தார்கள். மயிர் வளைந்து கொடுக்கும் கோணத்தில், பிளேட்டின் விளிம்பில் எஃகின் நுண் அமைப்பு சீரில்லாத இடங்களில், சில்லுச் சில்லாகப் பெயர்வதைக் கண்டார்கள். நம் கண்ணுக்குப் புதிதாகத் தெரியும் பிளேட்டின் விளிம்பு அப்படிப் பல்லுப் பல்லாகிக் கிடக்கும். பல்லுப் போன பிளேட் மயிரை வெட்டாமல் பிடித்து இழுக்கும். ஐந்து முதல் ஏழு சவரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். குளியலறையின் ஈரத்தில் வைக்காமல் கழுவி உதறி, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். கணவனும் மனைவியும், அண்ணனும் தம்பியும் ஒரு ரேசரைப் பாவிக்க வேண்டாம்.

வழித்த பிறகு பூசுவதில்தான் நாம் பெரும்பாலும் தவறுகிறோம். வீட்டுக் கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து முகத்தில் தடவுகிறார்கள். ஸ்பிரிட் கலந்த வாசனைத் திரவத்தை அறைகிறார்கள். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமாம். எரிவது தோல் காயப்பட்டதன் அடையாளம், வேறொன்றுமில்லை. தேசிக்காயைப் பிழிந்து தேய்க்கும் பழக்கத்தைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். தேசிப்புளி பட்ட தோலில் வெயில் விழுந்தால் வெந்து கொப்புளித்துக் கறுத்துவிடும். படிகாரம் இரத்தத்தை நிறுத்தும், தோலைச் சுருக்கும். அந்த அளவுக்கு நல்லது. ஆனால் ஒரே படிகாரக் கட்டியை எல்லோருடைய முகத்திலும் தேய்க்கக்கூடாது. செய்ய வேண்டியது மிக எளிது. குளிர்ந்த தண்ணீரால் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி, வாசனையில்லாத சாதாரண ஈரக்கிறீமைக் கொஞ்சம் பூசுங்கள். காய்ந்த கால் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் துளி போதும். வியர்க்கும் கழுத்துக்கும் தாடைக்கும் எண்ணெய் வேண்டாம்.

ஏற்கெனவே கட்டி நிறைந்திருப்பவர்கள் என்ன செய்வது? வழிப்பதை நாலு வாரம் முற்றாக நிறுத்த வேண்டும். முதல் வாரத்தில் கட்டிகள் இன்னும் கூடும். அப்போது பயந்துபோய் மறுபடியும் பிளேட்டை எடுத்தால் எல்லாம் வீண். பொறுத்திருந்தால், மயிர் ஒரு சென்ரிமீற்றர் அளவு வளர்ந்ததும் தன் விறைப்பாலேயே துள்ளி வெளியே வந்துவிடும். பிறகு ட்ரிம்மருக்கு மாறலாம். பென்சோயில் பெரொக்சைட் கழுவும் திரவம், சாலிசிலிக் அமிலக் கிறீம் ஆகியவை உதவும். இரவில் பூசும் ரெட்டினொயிட் கிறீமை வைத்தியர் எழுதித்தந்தால் பூசுங்கள். கர்ப்பிணிகள் அதைத் தொடக்கூடாது. கறுத்த தழும்பு மறைய மாதங்கள் செல்லும். வெயில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் அதற்கு முதல் மருந்து.

சலூன்காரரைப் பற்றி நான் நன்மையாகவே பேச வேண்டும். வெள்ளவத்தைச் சந்தைப் பக்கத்திலும் ஜம்பட்டா வீதியிலும் வேலை செய்பவர்களில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நுரையைத் தூரிகையால் சுழற்றி மயிரை எழும்ப வைக்கும் அந்தப் பக்குவம் நமக்கு வீட்டில் வராது. நீங்கள் பார்க்க வேண்டியது, பிளேட்டை உங்கள் கண் முன்னால் கடதாசியிலிருந்து பிரித்து, இரண்டாக முறித்து, கத்திப்பிடியில் பொருத்துகிறாரா என்பதுதான். ஈரல் அழற்சியை உண்டாக்கும் பீ வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில், குறைந்தது 7 நாட்கள் உயிரோடு இருக்கும். இலங்கையில் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அதற்கான ஊசி 2003இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. "அண்ணன், புதுப் பிளேட் போடுங்கோ" என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நல்ல தொழிலாளி அதைக் கோபமாக எடுத்துக்கொள்ள மாட்டார். "கழுத்துக்கு எதிர்ப்பக்கம் வேண்டாம்" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இரண்டாம் கை எதிர்ப்பக்கம் இழுப்பது அவருக்குத் தொழில் வழக்கம். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் இழுக்கத்தான் செய்வார்.

பையன்களுக்குத் தனியாக ஒன்று. இப்போது பின்கழுத்தை மெஷினால் பூச்சியமாக்கி, மேலே மட்டும் விட்டு வெட்டுகிறீர்கள். பத்து நாளைக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கிறீர்கள். சிலருக்குப் பின்கழுத்தில், மயிர் தொடங்கும் கோட்டில், சிறு சிறு கட்டிகள் கடிக்கத் தொடங்கும். அதைக் கவனிக்காமல் வெட்டிக்கொண்டே போனால் கட்டிகள் ஒன்றோடொன்று சேர்ந்து தடித்த தழும்பாகி, அந்த இடத்தில் மயிர் முளைக்காமலே போய்விடும். ஆரம்பத்தில் வந்தால் எளிது. தடித்த பிறகு ஊசி, அறுவை என்று நீளும். பின்கழுத்தில் கடி வந்த அன்றே மெஷினின் இலக்கத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.

இனித் தாய்மாரிடம் பேசுகிறேன். என் மனதை மிகவும் வருத்துவது இந்தப் பகுதிதான். சாமத்தியவீட்டுக்கு நாள் வைத்ததும், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பார்லருக்குக் கூட்டிப்போகிறோம். நூல் போட்டுப் புருவமும் மேலுதடும், வக்ஸ் போட்டுக் கையும், அதே நாளில் முகத்துக்கு ப்ளீச்சும். அந்த வயதுத் தோல் மெல்லியது. பலருக்குப் பருவும் தொடங்கியிருக்கும். இரண்டு நாள் கழித்து மேடையில் நிற்கும் பிள்ளையின் மேலுதடு முழுவதும் சீழ்ப்பொட்டு. அதைத் தடித்த ஒப்பனையால் மூடி, விளக்கு வெளிச்சத்தில் மணிக்கணக்காக நிற்க வைக்கிறோம். அந்தப் பிள்ளை கண்ணாடியைப் பார்த்து என்ன நினைக்கும் என்று ஒருகணம் யோசியுங்கள். தன் உடம்பு மாறுவதைக் கொண்டாடுவதற்கென்று வைத்த சடங்கில், அந்த உடம்பில் திருத்த வேண்டிய குறையைத்தான் முதலில் காட்டிக்கொடுக்கிறோம். பிள்ளை தானாகக் கேட்டால் செய்யலாம், தவறில்லை. கேட்காத பிள்ளைக்கு வேண்டாம். செய்வதென்றால் விழாவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஒரு சிறு இடத்தில் செய்து பாருங்கள். ஒரே நாளில் இரண்டு வேலை வேண்டவே வேண்டாம். கலியாணப் பெண்களுக்கும் இதே கணக்குத்தான்.

நூல் போடுவதில் ஒரு கவனம். சிலர் நூலின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இழுப்பார்கள். எச்சில் பட்ட நூல் தோலைச் சுரண்டுகிறது. தோலில் இருக்கும் வைரஸ் மருக்களும் நூல் போன வழியெல்லாம் வரிசையாகப் பரவும். கழுத்தில் கட்டி இழுக்கச் சொல்லுங்கள், புது நூல் கேளுங்கள். வக்ஸுக்கு மயிர் ஐந்து மில்லிமீற்றராவது வளர்ந்திருக்க வேண்டும்; குட்டை மயிரில் போட்டால் வேரோடு வராமல் தோலுக்கு உள்ளே முறிந்து, அங்கேயே சுருண்டு வளரும். பருவுக்கு ரெட்டினொயிட் கிறீம் பூசுகிறவர்களும், அதே வகை மாத்திரை எடுப்பவர்களும் வக்ஸ் போட்டால் தோலே உரிந்து வரலாம்.

மயிர்நீக்கும் கிறீம்கள் மயிரின் புரதப் பிணைப்பை உடைத்துக் கரைக்கின்றன. தோலும் ஏறக்குறைய அதே வகைப் புரதம்தான். கடதாசியில் குறித்த நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடமும் வைக்கக்கூடாது. கால் கிறீமை மேலுதட்டில் பூசக்கூடாது. பழைய காலத்துத் துருக்கி, பாரசீகக் குளியல் மண்டபங்களில் அரிதாரத்தையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசினார்கள். அரிதாரம் ஆர்செனிக் சேர்ந்த பொருள். அந்த வகைப் பொடியை எவரும் மூலிகை என்று சொல்லித் தந்தாலும் வாங்காதீர்கள். கடலை மா, பயத்தம் மா, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் தோலைச் சுத்தம் செய்யும். தேய்க்கும் தேய்ப்பில் பூனைமயிர் சிலது உடையும். வேரை ஒன்றும் செய்யாது.

ஒரு பிள்ளைக்கு நாடியில், கன்னத்து ஓரத்தில், மார்பில், அடிவயிற்றில் ஆண்களைப் போல முரட்டு மயிர் வளர்கிறதா? மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறதா? பார்லருக்கு முன்னால் வைத்தியரிடம் கூட்டிவாருங்கள். பீ.சீ.ஓ.எஸ். என்று பிள்ளைகள் சொல்லும் சூலக நோயாக அது இருக்கலாம். கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான கிட்டத்தட்ட மூவாயிரம் பெண்களைப் பரிசோதித்த ஆய்வு 2008இல் வெளியானது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சந்திரிகா விஜேரத்னவும் அதில் பங்கேற்றார். நூற்றுக்கு 6.3 பேருக்கு இந்த நோய் இருந்தது. ஏறத்தாழ பதினாறு பேரில் ஒருவர். இந்த மண்டபத்தில் இருக்கும் பெண்களை அந்தக் கணக்கில் எண்ணிப் பாருங்கள். இது பின்னாளில் நீரிழிவாகவும் கருத்தரிப்பதில் தாமதமாகவும் வெளிப்படக்கூடியது. நாடியில் உள்ள மயிர் அதை இருபது வயதிலேயே நமக்குக் காட்டித் தருகிறது. வாரா வாரம் நூல் போட்டு அந்த அடையாளத்தை மட்டும் அழித்துக்கொண்டிருந்தால், பிள்ளைக்கு நாடியும் கறுக்கும், நோயும் வளரும். "எங்கட பரம்பரையிலேயே இல்லை" என்று சொல்லிக் கதையை முடித்துவிடாதீர்கள்.

மறைவிடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுத்தத்துக்கு அங்கே மழுங்க வழித்துத்தான் ஆகவேண்டும் என்று வைத்தியம் சொல்லவில்லை. கத்தரிக்கோலாலோ ட்ரிம்மராலோ குட்டையாக வெட்டினால் போதும். முஸ்லிம் சகோதரர்களுக்கு அந்த மயிரைக் களைவது மார்க்க வழக்கமாகவே இருக்கிறது. ஆனால் அதற்கும் 40 நாள் என்ற எல்லை நபிமொழியில் உண்டு. நாலு நாளைக்கு ஒருமுறை வழித்துப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. வழித்த இடத்தில் கடி நிற்காமல், வட்டமாகப் படர்ந்தால் அது பங்கசால் வரும் படர்தாமரையாக இருக்கலாம். அப்போதுதான் பாமசியில் மூன்று நான்கு மருந்து கலந்த ட்யூப் ஒன்று கைக்கு வரும். அதிலுள்ள பலத்த ஸ்டெரொயிட் இரண்டு நாளில் கடியை அடக்கிவிடும். பங்கசு அடியில் சுகமாகப் படர்ந்துகொண்டிருக்கும். தோல் மெலிந்து, தொடை இடுக்கில் கோடு கோடாக வெடித்துவிடும். அந்தக் கோடு பிறகு மறையாது. சாதாரண மருந்துக்கு எளிதில் அடங்காத பங்கசு வகை ஒன்று நம் பிராந்தியம் முழுவதும் பரவியிருக்கிறது. 2020இல் அதற்கு இந்தியாவின் பெயரிலேயே பெயரிட்டார்கள். அது இந்த அளவுக்குப் பரவியதில் இப்படிப்பட்ட கலப்புக் கிறீம்களுக்குப் பங்குண்டு. கறுப்பை வெளுக்க என்று விற்கும் கிறீம்களும் ஆபத்தானவைதான்; நம் சந்தையில் பாதரசம் கலந்தவை கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன.

லேசரைப் பற்றிப் பலர் கேட்பீர்கள். மயிரின் கருமையைக் குறிவைத்துத்தான் லேசர் வேரைச் சுடுகிறது. நம் தோலிலும் கருமை உண்டு என்பதால் தோலும் சுடுபடும். நம் நிறத்துக்கு 1064 நனோமீற்றர் அலைநீளமுள்ள என்டி-யாக் வகைதான் பாதுகாப்பு. ஆறு எட்டு அமர்வு பிடிக்கும். மயிர் குறையும், முற்றாக ஒழியாது. சூலக நோயைக் கவனிக்காமல் நாடிக்கு லேசர் செய்தால் காசு போகும், மயிர் திரும்பி வரும். செய்கிறவர் தோல் வைத்தியரா, இயந்திரம் என்ன வகை என்று இரண்டையும் கேட்டுவிட்டுப் படுங்கள்.

எப்போது தாமதிக்காமல் வரவேண்டும்? கட்டியைச் சுற்றிச் சூடும் சிவப்பும் பரவினால், காய்ச்சல் அடித்தால், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையில் வீங்கினால் அன்றே வாருங்கள். நீரிழிவுக்காரர்கள் ஒரு சீழ்க்கட்டியைக்கூட வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும், வெள்ளவத்தைக்காரருக்குக் கிட்ட இருக்கும் களுபோவிலைப் போதனா வைத்தியசாலையிலும் தோல் சிகிச்சைக் கிளினிக் இருக்கிறது, காசு இல்லை. வரும்போது இதுவரை பூசிய ட்யூப்புகள் அத்தனையையும், வெறுமையாகிப் போனவை உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். வருவதற்கு முன் ஒரு வாரம் அந்த இடத்தை வழிக்காதீர்கள். முகத்துக்குப் பவுடரும் பூசாதீர்கள். வைத்தியரைப் பார்க்கப் போகிறோம் என்று அன்று காலையில் சுத்தமாக வழித்துவிட்டு வந்தால், மயிர் எந்தப் பக்கம் வளர்கிறது, எங்கே உள்ளே போகிறது என்பது எங்களுக்குத் தெரியாது.